நேரில் அழகாக இருக்கும் இயற்கைக் காட்சி, புகைப்படத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. கம்போசிஷனையும் நிறத்தையும் எப்படி மேம்படுத்துவது?

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். தேரூர் குளம், சுசீந்திரம் வயல்கள், பின்னால் தெரியும் மலை: 9 வருடமாக இவற்றையேதான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். அதனால் வயலை வைத்தே சொல்கிறேன். பச்சைக்குள் பச்சையாகக் கிடக்கும் வயல்தான் எடுப்பதற்குக் கடினமானது என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு வருடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸை, அகலமாகக் காட்டும் 18 எம்எம்மில் வைத்து, வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் ஃபிரேமுக்குள் அடக்கப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் ஓங்கி நின்ற மலை படத்தில் சிறு மேடாகிவிடும். முன்னால் இருக்கும் நாற்றோ பூதாகரமாக இருக்கும். பிறகு ஒருநாள் அரை கிலோமீட்டர் பின்வாங்கி, குளத்தங்கரை மேல் ஏறி, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் 150 எம்எம்மில் எடுத்தேன். மலை வயலின் தோளுக்கு வந்து நின்றது. லென்ஸை மாற்றியது மட்டும் இதற்குக் காரணமில்லை. பொருள்களுக்கு இடையிலான அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம். லென்ஸ் அதை வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கரை மேல் ஏறியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. கீழே நின்றபோது ஒன்றையொன்று மறைத்த வரப்புகள் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து, கண்ணை மலை வரை கூட்டிப்போயின. ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் விதியைப் பழகுவதில் தப்பில்லை. ஆனால் நின்ற இடம் தப்பென்றால் அது காப்பாற்றாது. கேமராவை எடுக்கும் முன் பத்து நிமிடம் நடங்கள், ஏறுங்கள், குனியுங்கள்.

இனி நிறம். நிறத்துக்கு முதல் காரணம் வெளிச்சம் வரும் திசை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வயல் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர்போலத் தெரியும். பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு நெற்குத்துக்கும் நிழல் விழுந்து ஆழம் வரும். எதிரே தாழ இருந்தால் நெல்லின் தாளுக்குள் வெளிச்சம் புகுந்து வரும். அந்த மஞ்சள் கலந்த பச்சையை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் பொன்னிற வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்பதாகச் சொல்வார்கள். நம்மூரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். உதித்து சுமார் 45 நிமிடத்தில் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும், பொன்னிறமும் போய்விடும். ஆகவே விடியுமுன்பே ட்ரைபாடை நிறுத்திவிடுங்கள். உதிக்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும்: ஆனியில் வடகிழக்கு, மார்கழியில் தென்கிழக்கு. ஒரே வரப்பு இரண்டு மாதத்திலும் வேறு வேறு படம். நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று நம் முன்னோர் வைத்ததை, கேமராவோடு வயலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். வானத்தை நீலமாக்குவதற்கு என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். எனக்கு அது அதிகம் உதவுவது இலைகளுக்கு. இலை மேல் படியும் வெள்ளைப் பளபளப்பு வானத்தின் எதிரொளி. அதை நீக்கினால் அடியிலிருக்கும் உண்மையான பச்சை வெளியே வரும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானத்தின் நீலம் மிக அதிகமாக அடர்த்தியாகும். காலையில் அது வடக்கும் தெற்கும். அகல லென்ஸில் மட்டும் கவனம் வேண்டும், வானம் திட்டுத்திட்டாகக் கறுக்கும். தண்ணீர் கட்டிய வயலில் முழுக்கத் திருப்பினால் மலையின் பிம்பமே போய்விடும். பாதியில் நிறுத்துங்கள். பிம்பம் வேண்டுமென்றால் காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் தண்ணீர் அசையாமல் நிற்காது. கும்பப்பூ (எங்களூரில் இரண்டாம் போக நெல்) நடவுக்கு முன்னால், ஐப்பசியில் மழை விட்ட விடியற்காலைகள்தான் எனக்கு வாய்த்தவை.

வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். விடியலின் சிவப்பைக் குறையென்று நினைத்து அது சரிசெய்துவிடும். டேலைட்டில் வைத்து, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். கொக்கு ஃபிரேமில் இருந்தால் ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பாருங்கள். வெளுத்துப்போன இறகு திரும்ப வராது.

எடிட்டிங்கில் படம் முழுவதற்குமான நிற அடர்த்தியை (சாச்சுரேஷன்) நான் தொடுவதே இல்லை. பச்சையின் சாயலை மட்டும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்தி, அதன் அடர்த்தியைச் சற்றுக் குறைப்பேன். பச்சை அடங்கியதும், நடவு நடும் ஓர் அம்மாவின் சிவப்புச் சேலை, நகக்கண் அளவே இருந்தாலும், படம் முழுவதையும் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் ஒரு படம் தாங்காது. நீலத் தார்ப்பாயோ மஞ்சள் விளம்பரப் பலகையோ ஓரத்தில் எட்டிப்பார்த்தால், இரண்டடி தள்ளி நின்று வெளியேற்றுங்கள்.

கையில் ஃபோன் மட்டும்தான் என்றால், 2எக்ஸ் லென்ஸுக்கு மாறுங்கள். வானத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டுப் பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். நாளைக் காலை ஐந்தரைக்குப் பக்கத்துக் குளத்தங்கரையில் இதைச் செய்து பார்த்துவிட்டு, வந்த படத்தைக் கீழே போடுங்கள். எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.