அந்த அமைதியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து, அந்நிய பாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசும் வரம், வரவில்லை என்பதாலேயே தம் இரட்சிப்பைக் குறித்துப் பல ஆண்டுகள் அஞ்சிய தாங்கள், இப்போது லுத்தரன் ஆராதனையில் கிடைக்கும் அமைதி ஆவிக்குரிய சோம்பலோ என்று கேட்டிருக்கிறீர்கள். அது சோம்பலன்று என்றே உறுதியாக நம்புகிறேன்.

1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம் என்னும் போதனை நூலில், திருச்சபையின் விசுவாச அறிக்கையாகிய விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதியை விளக்கும் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர், தம் சொந்த அறிவினாலோ பலத்தினாலோ கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ இயலாது என்றும், பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தின் மூலம் தம்மை அழைத்தார் என்றும் அறிக்கையிடுகிறார். அதே ஆண்டில் வந்த பெரிய ஞானோபதேசமோ, பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது, "ஆயினும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்று சொல்லக் கற்பிக்கிறது. ஆகவே நிச்சயத்தைத் தங்கள் உணர்ச்சிகளில் தேடாமல், ஞானஸ்நானத்திலும், திருவிருந்திலும், பாவ அறிக்கைக்குப்பின் ஆயர் கூறும் மன்னிப்பிலும் தேடுங்கள்; நம் மனநிலை மாறும்போது இவை மாறுவதில்லை. பழைய சபையில் கற்ற ஜெப வாஞ்சையை, அது நல்ல வரமாதலால், விட்டுவிடாதீர்கள்.

மறுபடியும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெற்றிருந்தால் லுத்தரன் திருச்சபை மீண்டும் கொடுப்பதில்லை. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சபைகளும் உண்டாதலால், எவ்வாறு பெற்றீர்கள் என்பதை ஆயரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.