அமெரிக்கத் தென்மாநில முறையில் காராமணி சமைப்பது எப்படி?

அமெரிக்கர்கள் 'பிளாக் ஐட் பீஸ்' என்று சொல்வது வேறொன்றுமில்லை, நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் காராமணிதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களோடு அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போன பயறு. அங்கே புத்தாண்டு அன்று இதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள்.

ருசியின் பாதி, புகையூட்டிய பன்றிக் கணுக்கால் எலும்பில் இருக்கிறது. அதை முதலில் இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரமாவது கொதிக்க விடுங்கள். அப்புறம்தான் ஊறவைத்த காராமணி அரை கிலோ, நறுக்கிய வெங்காயம், நசுக்கிய பூண்டு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் மிளகாய்த்தூள். முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு பயறை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். தோல் கிழியாமல் உள்ளே வெண்ணெய்போல நசுங்கினால் சரி. குக்கர் வேண்டாம், ஒரு விசில் கூடினாலும் கூழ்தான். எலும்பிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் புகையூட்டிய வான்கோழிக் கால் போடுவார்கள், அங்கேயும் அது வழக்கம்தான். குழம்பு நீர்க்க இருந்தால் ஒரு கரண்டிப் பயறை மசித்துக் கலந்தால் போதும். மக்காச்சோள ரொட்டியை அந்தச் சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.