மிளகளவு கட்டிக்கு அரை இமையா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு வயது 64. வலது மேலிமையில் வந்த கண்கட்டியை ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை கீறிச் சுரண்டினார்கள். மூன்றாவது முறை வந்தபோது பயாப்ஸி எடுத்ததில் செபேசியஸ் சுரப்பிப் புற்றுநோய், அதாவது இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று என்று தெரிந்தது. மிளகளவு கட்டிதான். அதற்குப் பாதி இமைக்கு மேல் போகும், சில வாரம் கண் மூடியே இருக்கும் என்கிறார்கள். இவ்வளவு தேவையா? திரும்ப வராமலிருக்க என்ன செய்வது?

வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இமையின் நீளம் ஏறக்குறைய 30 மி.மீ. கட்டி 5 மி.மீ. என்றால், இருபுறமும் நல்ல திசுவில் 5 மி.மீ. சேர்த்து 15 மி.மீ. போகிறது. முன்பு சுரண்டிய தழும்பையும் விட்டுவைக்க முடியாது.

அந்த 5 மி.மீட்டரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். இந்த வகைப் புற்று கட்டியாக மட்டும் நிற்பதில்லை. இமையின் உட்புறச் சவ்வுக்குள் மெல்லிய படலமாகவும் ஊர்ந்து போகும், நடுவே இடம் விட்டும் முளைக்கும். அதனால்தான் சிவப்பே தெரியாத இடங்களிலிருந்தும், வெள்ளை விழியின் மேல் சவ்விலிருந்தும்கூடச் சின்னச் சின்னத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல் இல்லை என்று தெரிந்த பிறகுதானே இமையைத் திரும்ப அமைப்பீர்கள்?" ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் நல்லது, ஆனால் ஊர்ந்து போன செல்களை அது தவறவிடலாம். சந்தேகம் இருந்தால் மெழுகில் பதித்த நிரந்தர ரிப்போர்ட் வரும்வரை சில நாள் கட்டுப் போட்டுக் காத்திருப்பது தவறே இல்லை. ஓரத்தில் செல்லை வைத்துக்கொண்டு அழகாகத் தைப்பதுதான் தவறு.

இமையில் நாலில் ஒரு பங்குக்குள் போனால் நேராக இழுத்துத் தைக்கலாம். பாதிவரை என்றால் கடைக்கண் பக்கத் தோலை நகர்த்துவார்கள். அதற்கும் மேல் என்றால், கீழிமையின் விளிம்பை 4–5 மி.மீ. பாலம்போல விட்டுவிட்டு, அதன் அடியிலிருந்து திசுவை முழுக் கனத்தோடு மேலே கொண்டுவந்து தைப்பார்கள். அது மேலே வேர்பிடிக்க 6–8 வாரம் ஆகும். கண் மூடியிருப்பது அதற்காகத்தான். அதுவரை கட்டை இறுக்கிப் போடக்கூடாது. பாலத்தின் ரத்த ஓட்டம் நின்றால் கீழிமை விளிம்பு கறுத்துச் செத்துப்போகும். இரண்டு இமைகளையும் பிரித்த பிறகு மேலிமையில் அந்த இடத்தில் இமைமுடி வராது. கண்ணில் உறுத்தல் இருந்தால் மெல்லிய தோல்முடி கருவிழியில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்ப வருவதைப் பற்றி. வெயில் கண்ணாடி மற்றத் தோல் புற்றுகளுக்கு உதவும், இதற்கு அது போதாது. விடாமல் போய்ப் பார்ப்பதுதான் பாதுகாப்பு: முதல் இரண்டு வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடம்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். ஒவ்வொரு முறையும் இமையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இடையில் இமைமுடி உதிர்ந்தாலோ, விளிம்பு தடித்தாலோ, ஒரு கண் மட்டும் மருந்துக்கு அடங்காமல் சிவந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு இரண்டும் ஒரே மரபணுக் கோளாறில் வரும்.