வாசகர் கேள்விகள்: கோடை விடுமுறையில் ஊர் நூலகம்

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் வந்துசேர்ந்த கடிதங்களில் பாதிக்குமேல் நூலகங்களில் நடக்கும் கோடை நிகழ்ச்சிகளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே விடையளிக்கிறேன். கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் சில இடங்களில் என் சொந்தக் கதையும் கலந்துவிடும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பேரூராட்சியில் தனியார் நடத்தும் கோடைப் பயிற்சிக்கு ஒரு பிள்ளைக்கே சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நூலகத்தில் இலவசமாகவே நடக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எல்லா ஊரிலும் உண்டா? பத்து வயதும் ஆறு வயதுமான என் பிள்ளைகளை அனுப்பலாமா?
— இல்லத்தரசி, தஞ்சாவூர் மாவட்டம்

எல்லா ஊரிலும் இல்லை என்பதே உண்மை. மாவட்ட மைய நூலகங்களில் கதை சொல்லல், ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம், எளிய அறிவியல் சோதனைகள் என்று கோடை முகாம் நடத்தும் வழக்கம் உண்டு. கிளை நூலகங்களில் அது நடப்பதும் நடக்காமல் போவதும் அங்குள்ள நூலகரின் ஊக்கத்தையும் வாசகர் வட்டத்தின் உழைப்பையும் பொறுத்திருக்கிறது. ஊர்ப்புற நூலகங்களில் கதவைத் திறப்பவரும் நாளிதழை மேசையில் வைப்பவரும் பதிவேடு எழுதுபவரும் ஒரே ஆள்தான். அவரிடம் போய் முகாம் எங்கே என்று கேட்பது நியாயமாகாது.

ஆகவே முதலில் நேரில் சென்று விசாரியுங்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பது பலருக்குத் தெரியாமல், அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, நூலகம் எப்போதுமே திறப்பதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். முகாம் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையைத் தயங்காமல் அனுப்பலாம். ஆறு வயதுக் குழந்தையுடன் நீங்களும் போய் உட்காருங்கள். முகாம் இல்லை என்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். சிறிய காப்புத்தொகையும் அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தாவும் கட்டி, பெரிய பிள்ளையின் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளை எத்தனை முறை சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறது என்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

நானும் வாசகர் வட்ட நண்பர்களும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பத்து நாள் கோடை நிகழ்ச்சி நடத்த விரும்புகிறோம். நூலகரும் சம்மதித்துவிட்டார். எப்படித் திட்டமிடுவது? பேச்சாளர்களை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டுமா?
— பள்ளி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூர் நூலகத்தில் நடந்த முகாமுக்குச் சிறப்பு விருந்தினனாகப் போயிருந்தேன். வாசலில் வாழைமரம், உள்ளே வண்ணக் காகிதத் தோரணம், ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்குத் தொப்பி என்று ஒரு குறையும் இல்லை. பிற்பகலில் ஒரு சிறுமி என் வேட்டியைப் பிடித்து இழுத்து, கண்ணாடி அலமாரிக்குள் தெரிந்த ஒரு படப்புத்தகத்தைக் காட்டி, அது வேண்டும் என்றாள். அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, முகாம் முடியும்வரை அடுக்கு கலைந்துவிடக்கூடாது என்பதற்காகப் பூட்டிவைத்திருப்பதாகப் பதில் வந்தது. பத்து நாளும் அந்தப் பிள்ளைகள் நூல்களுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து காகிதக் கொக்கு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த அலமாரியின் மேலேயே அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

எனவே உங்கள் பத்து நாளில் ஒவ்வொரு நாளின் முதல் அரைமணி நேரத்தையும் எந்த நிகழ்ச்சியும் வைக்காமல் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அடுக்குகளுக்கிடையே திரியட்டும். எடுத்ததை வேறிடத்தில் வைக்கட்டும். மாலையில் நீங்களும் நூலகரும் சேர்ந்து அடுக்கிக்கொள்ளலாம். அடுத்த அரைமணி நேரம் யாராவது ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டலாம். முழுக் கதையையும் முடிக்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, மீதி இந்த நூலில் இருக்கிறது என்று மேசைமேல் வைத்துவிட்டால் அதற்குப் போட்டி தானாக வரும். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை போதும். இருபத்தைந்து பிள்ளைகளுக்குமேல் சேர்த்தால் வருகைப்பதிவு எடுப்பதிலேயே உங்கள் தொண்டை வற்றிவிடும்.

பேச்சாளரை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஊரிலேயே குயவர் இருப்பார், கிராமச் சுகாதாரச் செவிலியர் இருப்பார், நாதசுரக் கலைஞர் இருப்பார். நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு கோடையில் மின்வாரிய லைன்மேன் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். பேச வராது என்று தயங்கித் தயங்கி வந்தவர், பையிலிருந்து ரப்பர்க் கையுறையை எடுத்து, அதன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, விரல்கள் பலூன்போல் புடைத்ததும் காதருகே வைத்துக் கேட்டார். ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும் காற்று சீறும், அப்படிப்பட்ட கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினால் உயிர் தங்காது என்றார். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் அதைக் காதில் வைத்துக் கேட்டது. அவர் போன பின் மின்சாரத்தைப் பற்றிய நூல் வேண்டும் என்று ஏழு பேர் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. பழைய ரசீதின் பின்புறத்தில் ஏழு பெயரையும் வரிசையாக எழுதி அலமாரியில் ஒட்டிவைத்தேன். அந்த நூல் ஆகஸ்ட் மாதம்வரை அடுக்குக்குத் திரும்பவேயில்லை. ஒவ்வொரு விருந்தினரும் வருவதற்கு முதல் நாளே, அவர் பேசப்போகும் பொருளில் நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து மேசைமேல் எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலான முகாம்களில் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான்.

நிகழ்ச்சி வெற்றியா என்பதை நிறைவு நாள் படத்தில் எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். ஜூன் மாத இரவல் பதிவேட்டில் சிறுவர் நூல்கள் எத்தனை போயிருக்கின்றன என்று பாருங்கள்.

எங்கள் கிராமத்தில் நூலகக் கட்டடம் இருக்கிறது, ஆனால் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கோடையிலாவது பிள்ளைகளுக்காகத் திறக்க வேண்டும் என்று நூலகத் துறைக்கு எழுதினால், அது எங்களுடையது இல்லை என்கிறார்கள். யாரிடம் கேட்பது?
— விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருவகை நூலகங்கள் உள்ளன. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமும் பகுதி நேர நூலகமும் ஒரு வகை. 2006-க்கும் 2011-க்கும் இடையே அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட நூலகங்கள் மற்றொரு வகை. இவை ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. சொற்ப மதிப்பூதியத்துக்கு ஆள் வைத்து நடத்தும்படி விடப்பட்டதால், அந்த ஆள் விலகியதும் பல ஊர்களில் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. உங்களுடையது இந்த இரண்டாம் வகை என்று தோன்றுகிறது.

அதற்கு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மே 1 அன்று கிராம சபை கூடும். விடுமுறை தொடங்கிய வேளையில் அந்த நாள் வருவது உங்களுக்கு வசதி. நூலகத்தைத் திறப்பது, நாள்தோறும் மாலையில் திறந்துவைக்கும் பொறுப்பை யார் ஏற்பது, மின்விசிறியும் குடிநீரும் யார் செலவு என்று மூன்றையும் தெளிவாக எழுதித் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். வெறுமனே திறக்க வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட்டால் அது பதிவேட்டிலேயே உறங்கிவிடும். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் மாணவர்கள் இருவர் முன்வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை தனியாக இருக்கும். விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வாங்கப்படும் வரி அது. இப்போது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். எனவே அருகிலுள்ள கிளை நூலகத்திலிருந்து கோடைக்காவது நூறு சிறுவர் நூல்களை அனுப்பி உதவும்படி ஆணைக்குழுவுக்கு எழுத உங்கள் ஊருக்கு முழு உரிமை உண்டு. கொண்டுவர வண்டி இல்லை என்று சொன்னால், 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலேயே நூலகம் போயிற்று என்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பேரனை நூலகத்தில் கோடை வாசிப்புக்குச் சேர்த்திருப்பதாக மகள் சொல்கிறாள். அங்கே என்ன செய்வார்கள்? நானும் போகலாமா?
— ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், சேலம்

தாராளமாகப் போகலாம். அங்கே சின்னஞ்சிறு ஊர்களில்கூட ஜூன், ஜூலை மாதங்களில் நூலகம்தான் ஊரின் நடுக்கூடம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை நூலகத்துக்கு இழுக்கும் முயற்சி அங்கே 1890-களிலேயே கிளீவ்லாந்து போன்ற நகரங்களில் தொடங்கிவிட்டது. இப்போது பெரும்பாலான மாநிலங்களின் நூலகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பொருளைத் தேர்ந்து அதையொட்டியே நிகழ்ச்சிகளை அமைக்கின்றன. 2024-இல் சாகசப் பயணமும் 2025-இல் ஓவியமும் வண்ணமும் பொருளாக இருந்தன. பேரனுக்கு ஓர் அட்டையோ செயலியோ தருவார்கள். அவன் வாசித்த நிமிடங்களையோ நூல்களையோ அதில் குறித்துக்கொண்டே வந்தால் சிறு பரிசுகள் உண்டு. பெற்றோர் வாசித்துக் காட்டுவதும் கணக்கில் சேரும் என்பதால், தாத்தா வாசிப்பதும் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று நீங்கள் வியக்கலாம். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள், அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், படித்ததை மறந்து பின்தங்குகிறார்கள் என்ற கவலை அங்கே பழையது. பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலாளர் அட்லாண்டா நகரத்தின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 1978-இல் வெளியிட்ட முடிவுகளில், கோடைக்கால அறிவு வளர்ச்சிக்கு வேறெந்தப் பொது நிறுவனத்தையும்விடப் பொது நூலகமே கூடுதலாக உதவியது என்று கண்டார். அவர் கணக்கெடுத்தது காகிதக் கொக்கை இல்லை, வாசித்த நூல்களை.

உங்கள் பெயரில் அட்டை வாங்க உள்ளூர் முகவரிச் சான்று கேட்பார்கள். மகளின் அட்டையிலேயே எடுத்துக்கொள்வது எளிது. நிகழ்ச்சிகளில் உட்காருவதற்கு வழக்கமாக அட்டை தேவைப்படாது. நுழைந்ததும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்: ஜூலை 4 சுதந்திர நாள் ஊர்வலம், உழவர் சந்தை, நூலக நண்பர்கள் என்ற தன்னார்வலர் குழு நடத்தும் பழைய புத்தக விற்பனை என்று ஊரின் சேதி அத்தனையும் அங்கே குத்தியிருக்கும். கதை நேரத்தில் ஒரு தமிழ்க் கதையைச் சொல்ல விரும்பினால் சிறுவர் பகுதி நூலகரிடம் மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கோடை வந்தால் நூலகத்தில் பிள்ளைகளின் இரைச்சல் தாங்க முடியவில்லை. நூலகம் அமைதிக்கான இடம் இல்லையா?
— வாசகர், அருப்புக்கோட்டை

உங்கள் சங்கடம் புரிகிறது. வீட்டில் படிக்க இடமில்லாமல் நூலகத்தின் மூலை நாற்காலியை நம்பிப் பகல் முழுதும் படிக்கும் உங்களைப் போன்றோருக்கு இரண்டு மணி நேரம் என்பது சிறிய இழப்பு இல்லை. நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் வைத்து, அந்த நேரத்தை முன்கூட்டியே வாசலில் எழுதிவைக்கும்படி நூலகரிடம் கேளுங்கள். மரத்தடியோ பக்கத்துப் பள்ளி வராந்தாவோ இருந்தால் பாட்டும் விளையாட்டும் அங்கே நடக்கட்டும். ஆனால் பிள்ளைகள் அடுக்கருகே வருவதை மட்டும் தடுக்கச் சொல்லாதீர்கள். அவர்களும் உங்களைப் போலவே நூலகத்தின் வாசகர்கள்.

முகாமில் அதிகம் வாசித்த பிள்ளைக்கு என்ன பரிசு தரலாம்?
— வாசகர் வட்டப் பொறுப்பாளர், நாமக்கல் மாவட்டம்

கேடயம் வேண்டாம், அது வீட்டு அலமாரியில் தூசி பிடிக்கும். அதிகம் வாசித்தவர் என்று ஒருவரைத் தேர்ந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டு எண்ணிக்கை காட்டும் பிள்ளைகள் முளைத்துவிடுவார்கள். வந்த எல்லோருக்கும் வாசகர் வட்டச் செலவில் உறுப்பினர் அட்டை போட்டுக்கொடுங்கள். கூடவே ஊரில் யாரையாவது ரூ.1,000 செலுத்தி நூலகப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள். அப்படியும் பரிசு தந்தே ஆகவேண்டும் என்றால், அடுத்த முறை நூலகத்துக்கு வாங்கவேண்டிய நூல்களின் பரிந்துரைப் பட்டியலில் முதல் பத்து வரியை அந்தப் பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.