மாட்டுங்கா சாம்பார் ஏன் இனிக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையிலிருந்து வேலைக்காக மும்பையின் அந்தேரிக்கு வந்திருக்கும் நீங்கள், தமிழர் பகுதி என்று கேள்விப்பட்டு மாட்டுங்காவுக்குப் போனதாகவும், அங்கேயும் சாம்பார் இனித்ததால் மனம் விட்டுப்போனதாகவும் எழுதி, நம் ஊர்ச் சுவைக்கு எந்த ஓட்டலுக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டுங்காவில் தமிழர்கள் பெருமளவில் குடியேறினார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் சாப்பிட்ட ஓட்டல்களில் பெயர்பெற்றவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்து மக்கள். 1939-இல் தொடங்கிய ராம் ஆஸ்ரயா, 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் ராம நாயக் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவை இந்த வழியில் வந்தவையே. உடுப்பிச் சமையலில் சாம்பாருக்கு வெல்லம் சேர்ப்பது மரபு. அதை மதுரைச் சாம்பாரோடு ஒப்பிட்டு உண்டால் குறைதான் தெரியும். அந்தச் சமையலறைக்குக் கைவந்தது எது என்று பார்த்துக் கேட்டு வாங்கினால் நிறைவாக உண்ணலாம். ராம் ஆஸ்ரயாவில் உப்புமாவும் அன்னாசி ஷீராவும் சாப்பிடுங்கள். ஷீரா என்பது இங்கே நம் கேசரிக்கு வழங்கும் பெயர். கஃபே மெட்ராஸில் ரச வடையும் பொடி இட்லியும் கேளுங்கள். ராம நாயக் கடையில் வாழையிலைச் சாப்பாடு. அங்கே இலை முன் உட்காரும்போது எனக்கு இன்றும் ஊர் நினைவு வருகிறது, சாம்பாரில் வெல்லம் இருந்தாலும்.

இந்த ஊரில் தனியாக வாழ்பவருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வாரம் ஒரு புதிய கடை என்று அலையாமல், ஒன்றைத் தேர்ந்து, வார நாளில், கூட்டம் குறைந்த நேரத்தில், தொடர்ந்து போய் வாருங்கள். ஞாயிறு காலையில் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்பவர்களுக்கு நடுவே யாருக்கும் யாரோடும் பேச நேரமிருக்காது; வார நாளிலோ, பரிமாறுபவர் உங்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார், சில வாரங்களில் நீங்கள் கேட்குமுன் இரண்டாவது முறை ரசம் ஊற்றுவார். உறவினர் அருகில் இல்லாத ஊரில் இது சிறிய விஷயம் அன்று. தனியாக வருபவரை வேறொருவரின் மேசையில் சேர்த்து உட்கார வைப்பதும் இங்கே வழக்கம். அதைக் கூச்சமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இந்த நகரத்தைப் பற்றி அறிந்தவற்றில் பாதி அப்படி எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்னவைதான்.

வெல்லமே கூடாது என்றால் தாராவியைத் தேடுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. அதிகாலையில் அவித்த இட்லியைச் சைக்கிளில் வைத்து ஹாரன் அடித்தபடி விற்பவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள்.

அந்தேரியிலிருந்து வரும்போது ஸ்லோ ரயிலில் ஏறுங்கள்; ஃபாஸ்ட் ரயில் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் நிற்காது. இறங்கிக் கிழக்கே நடந்தால் கடைகள் வந்துவிடும். கஃபே மெட்ராஸுக்கும் ராம நாயக் கடைக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறவாதீர்கள்.