பாம்பனுக்கு மருமகளாக வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்தேன். செரம்பானில் பிறந்து வளர்ந்தவள், பாம்பன் மாப்பிள்ளையைக் கட்டி இங்கே குடிவரப் போகிறாய். மாமனாருக்கு நாட்டுப்படகு இருக்கிறது, வீடு வடகடல் ஓரம். "தீவு என்றால் பினாங்கு, லங்காவி மாதிரி இருக்குமா அக்கா? தினசரி வாழ்க்கை எப்படிப் போகும்? கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பது பயமாக இருக்காதா?" என்று கேட்டிருந்தாய். நானும் மலேசியாவில் கிள்ளானிலிருந்து இந்த ராமேஸ்வரம் தீவுக்கு வாழ வந்தவள்தான். என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். தெருவில் எனக்கு இன்னமும் மலேசியாக்கா என்றுதான் பேர்.

பினாங்கு மாதிரி இருக்காது. மலை, காடு, சாயங்காலமானால் இடியோடு ஒரு மழை, இதெல்லாம் நம் ஊர்த் தீவுகளோடு சரி. இது மணல் தீவு. ராமேஸ்வரத்துப் பக்கம் கந்தமாதன பர்வதம் என்று ஒரு மேடு இருக்கிறது, தீவிலேயே உயரமான இடம் அதுதான். மரம் என்றால் பனை, தென்னை, தலை தட்டையாகப் பரந்த உடைமரம், அப்புறம் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். கோலாலம்பூரில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழையில் பாதிகூட இங்கே கிடையாது. பெய்கிறதும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும்தான். மற்ற மாதங்களில் வானம் பளிச்சென்று கிடக்கும். இன்னொன்று, விடியல். அங்கே ஏழு மணிக்குக்கூட இருட்டாக இருக்கும், மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். இங்கே ஆறு, ஆறரைக்குள் சூரியன் வந்துவிடும். சாயங்காலமும் ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணிக்கே தெரு எழுந்துவிடுவதைப் பார்த்து மிரளாதே. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கிற ஊர் இது.

நீ கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காற்று. செரம்பானில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யாராவது கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? இங்கே காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். மீன் கிடைக்குமா, என்ன விலை, துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது, மாமனார் இன்றைக்கு வீட்டிலா கடலிலா, எல்லாமே காற்றைப் பொறுத்தது.

வைகாசி பிறந்ததும் கச்சான் பிடிக்கும். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் விடாமல் அடிக்கிற காற்று. தனுஷ்கோடிப் பக்கம் போனால் தார்ச்சாலையை மணல் மூடிக் கிடப்பதைப் பார்க்கலாம். சோற்றுப் பானையைத் திறந்து வைத்தால் மணலோடுதான் சாப்பிட வேண்டும். ஐப்பசியில் அது மாறி வாடை வரும், வடகிழக்கிலிருந்து, மழையோடு. தை கடந்து வாடை ஓய்ந்த பிறகு கிழக்கே கொண்டல். அது மெத்தென்று இருக்கும்.

தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், ஆனால் இரண்டும் ஒரே கடல் இல்லை. வடக்கே பாக் விரிகுடா, பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான் ஆழம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆழமும் அலையும் அதிகம். பெரியவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், உன் வீட்டு வாசலில் வடகடல் அசையாமல் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே மாறிவிடும். உன் வாசலில் அலை ஏறி அடிக்கும், தென்கரை அமைதியாக இருக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் பாம்பன் பாலத்தடி வழியாகப் படகை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக்கொள்வது இதனால்தான். வடகரை வீட்டுக்காரியான உனக்கு ஐப்பசி முதல் தை வரைதான் சோதனைக் காலம். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலைச் சாத்தியே வை. உப்புத்தூவல் உள்ளே வந்து சுவரில் படியும்.

மீன் உனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கும், நம்பு. நாம் அங்கே கெம்போங் என்று வாங்கியது இங்கே கானாங்கெளுத்தி. அது போக முரல், ஓரா, விளமீன், பாறை, நகரை, காரல், திருக்கை, கணவாய், நீலக்கால் நண்டு என்று தினம் ஒன்று வரும். எல்லாம் எல்லா நாளும் வராது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான காலம் அது. அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும், ஆனால் அன்று பிடித்தது அன்றே கைக்கு வரும். உன் மாமனார் வீட்டுக்கு அது நல்ல காலம். மாமியாரிடம் காரல் குழம்பு வைக்கக் கற்றுக்கொள். சின்ன மீன், முள் அதிகம், ஆனால் அந்தச் சாற்றுக்கு ஈடு கிடையாது. பிள்ளை பெற்ற பிறகு பால்சுறா புட்டு கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

தண்ணீர் விஷயத்தைப் பொறுமையாகப் படி. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இவ்வளவு தூரம் வரும் தண்ணீர். நாள் தவறி வரும், வந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் வீட்டில் குடங்களின் கணக்கு எப்போதும் ஒருத்தர் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். இனி அந்த ஒருத்தர் நீதான். மற்றபடி கிணறு. சுற்றிலும் கடல், தோண்டினால் நல்ல தண்ணீர் எப்படி வரும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரோடு கலக்காமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வருவதை அகப்பையில் மொண்டு குடத்தில் ஊற்றுகிற பெண்களை நீயே பார்க்கலாம். மெதுவாக எடுத்தால் இனிப்பாகவே இருக்கும். பெரிய மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறி, கிணறே கரித்துவிடும். உன் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு மோட்டார் வாங்க நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடு. பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

இரும்புச் சாமான் அதிகம் சேர்க்காதே. உப்புக்காற்று ஃப்ரிட்ஜின் அடி, கேஸ் அடுப்பு, ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் எதையும் விடாது. பாத்திரம் எவர்சில்வர், அலமாரி மரம், அவ்வளவுதான்.

பயம் பற்றிக் கேட்டாய். முதல் தடவை கடல் உள்வாங்குவதைப் பார்க்கும்போது பயப்படுவாய். காலையில் எழுந்து பார்த்தால் கடல் பின்னால் போயிருக்கும், படகெல்லாம் சேற்றில் சாய்ந்து நிற்கும், பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். நமக்கு உடனே சுனாமி ஞாபகம்தான் வரும். வடகடல் ஆழமில்லாதது, காற்றும் அமாவாசை, பவுர்ணமி நீரோட்டமும் சேர்ந்தால் தண்ணீர் அப்படி ஒதுங்கும், பிறகு திரும்பிவிடும். 2004 சுனாமியில்கூட இலங்கை மறைத்து நின்றதால் நாகப்பட்டினம் பட்ட பாடு இந்தத் தீவு படவில்லை. இன்னொரு சமயம், பெரும்பாலும் புரட்டாசிக்கு அக்கம்பக்கம், குந்துகால் பக்கத் தென்கடல் பச்சையாகிவிடும், மீன் செத்து ஒதுங்கும். பூங்கோரை என்பார்கள், ஒரு வகைப் பாசி பெருகிவிடுவதால் வருவது. ஒதுங்கிய மீனை யாரும் எடுக்க மாட்டார்கள், நீயும் எடுக்காதே.

பயப்பட வேண்டியது புயலுக்கு. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. மூன்றிலிருந்து நம் துறைமுகத்துக்கே சொல்லும் எச்சரிக்கை. எட்டு, ஒன்பது, பத்து பேராபத்து. கூண்டு நம்பரைக் கேட்டதும் மாவு, அரிசி, மெழுகுவர்த்தி, குடிதண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிடு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் சேர்த்து. அந்த வயதுக்காரர்கள் எதைச் சொன்னாலும் புயலுக்கு முன்னே, புயலுக்குப் பின்னே என்றுதான் கணக்கு வைப்பார்கள், அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேள். மழையும் லேசில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வருஷம் முழுக்கக் காய்கிற ஊரில் அன்றைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

எல்லாவற்றையும்விட நெஞ்சை அழுத்துவது ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பாத நாள். இலங்கையின் தலைமன்னார் இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் சில சமயம் போனில் இலங்கை சிக்னலே வரும். எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனால் படகு போகும், ஆளுக்கு மாதக்கணக்கில் சிறை. விசைப்படகுக்காரர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், நாட்டுப்படகும் மாட்டியதுண்டு. அந்த வீட்டுக்குத் தெருவே போய் உட்கார்ந்திருக்கும். நீயும் போ. பேச ஒன்றும் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார். கோயிலா, பள்ளிவாசலா, மாதா கோயிலா என்று அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

இங்கத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. சின்னப்பாலம் கிராமத்துப் பக்கம் போய்ப் பார். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்துக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்குப் பேர். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, பாசி தளிர்க்கும் காலத்தில் தொடுவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. வாழ்கிறவர்களுக்கும் காக்கிறவர்களுக்கும் அதனால் உரசல் உண்டு. என்னைக் கேட்டால், அந்தக் கடலை அவர்களைவிட யாரும் கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. லங்காவியில் கடல் அட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெய் கடை கடையாக விற்கும், நாம் காயத்துக்குத் தடவியிருக்கிறோம். அந்தக் கடல் அட்டையை இங்கே பிடிப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆமை முட்டையும் அப்படித்தான். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை எதையும் அழகாக இருக்கிறதென்று பையில் போடாதே. ஊருக்குப் போகும்போது யாராவது பார்சல் கொடுத்து மலேசியாவில் கொடுத்துவிடச் சொன்னால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. கடல்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். ஆழமில்லாத வடகடலில் கடல்தாழை மேய வரும், உனக்கு அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

பார்க்கச் சுகமான காலம் தை, மாசி. கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் இறங்கும். ஆலாக்களும் செம்பருந்தும் வருஷம் முழுக்க உண்டு. பனங்கிழங்கு பொங்கலை ஒட்டி, நுங்கும் பதநீரும் கோடையில். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், உன் வாசலுக்கும் நாலு வாங்கி வை. நம் ஊர் செராய், அதாவது எலுமிச்சைப்புல், இந்த மணலில் நன்றாக வரும். பண்டான் (ரம்பை இலைச் செடி) நிழலில் வைத்துத் தினம் தண்ணீர் ஊற்றினால்தான் பிழைக்கும். பிளாச்சான் (இறால் விழுது) மட்டும் கொண்டு வா, எனக்கும் கொஞ்சம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் போகும் வேலை வைத்துக்கொள்ளாதே, சாலை முழுக்கக் கூட்டம். 1914-இல் கட்டின பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியப் பாஸ்போர்ட்டை விட வேண்டியதில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துவிடு. கல்யாணத்தையும் பதிவு செய். ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் தருவது) கணவர் வழியில் போனால் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இந்தியாக்காரர் என்பதற்குச் சான்று இருந்தால் அந்த வழியில் உடனே கேட்கலாம், அதனால் கிளம்புமுன் வீட்டுப் பழைய பெட்டியைத் தேடு. அட்டை வந்தாலும் வயல், தோட்டம் உன் பேரில் வாங்க முடியாது, வீடு வாங்கலாம்.

கல்யாணம் எந்த மாதம் என்று எழுதவில்லையே? மாசி என்றால் கவலையே இல்லை. ஐப்பசி என்றால் வீட்டு வாசலில் பந்தல் போட விடாதே, வாடையில் நிற்காது. மண்டபமாகப் பார்க்கச் சொல். உன் அப்பா அம்மாவுக்கு மதுரை விமானத்தில் டிக்கெட் போட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே தீவுக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள். தேதி குறித்ததும் எழுது.