மிச்சிகனா, ஒஹாயோ ஸ்டேட்டா? ஒரு கிக்கர் பையனின் அப்பாவுக்கு

கேள்வி: மிச்சிகன் மாநிலம் கேன்டனில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து சாக்கர் ஆடியவன், போன வருடம் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர் (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பவன்) ஆகிவிட்டான். 47 யார்டு ஃபீல்டு கோல் வரை போட்டிருக்கிறான். இப்போது மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் இரண்டிலிருந்தும் ஜூன் மாதக் கேம்ப்புக்கு மெயில் வந்திருக்கிறது. கல்லூரி அணிகளுக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டிங் பற்றிய தளங்களில் அவன் பெயருக்கு நேராக ஒரு ஸ்டார்கூட இல்லை. இந்த இரண்டில் ஆட்களை நன்றாக எடுக்கும் அணி எது, எதை நம்பிப் போவது? எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. அப்புறம், தமிழ்ப் பள்ளியில் அவன் வாங்கப்போகும் கிரெடிட் இதற்கு உதவுமா?

பதில்: முதலில் அந்த மெயிலை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். அடியில் ‘ரிஜிஸ்டர்’ பொத்தான் இருக்கும், பக்கத்தில் கட்டணம் இருக்கும். பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1 வரும்வரை ஃபுட்பால் பயிற்சியாளர்கள் ஒரு மாணவனுக்குத் தனிப்பட்ட ரெக்ரூட்டிங் மெயிலோ டெக்ஸ்ட்டோ அனுப்பக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. கேம்ப் அறிவிப்பும் விவரப் படிவமும் அனுப்பலாம். அதோடு கல்லூரி நடத்தும் கேம்ப் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆக, இது ஊருக்கே வைத்த கல்யாணப் பத்திரிகை. உங்கள் பையனைத் தேடி வந்த சம்பந்தம் இல்லை. அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சியாளர் தன் கண்ணால் அவன் உதைப்பதைப் பார்க்கும் இடம் அதுதான். ‘கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட வேண்டாம், அவ்வளவே.

ஸ்டார் விஷயம் இன்னும் லேசு. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற தளங்கள்தான் இந்த ஸ்டார்களைக் கொடுக்கின்றன. கல்லூரிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 247ஸ்போர்ட்ஸில் ஐந்து ஸ்டார் வாங்குபவர்கள் வருடத்துக்குச் சுமார் 32 பேர். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதால் வந்த கணக்கு அது. கிக்கர்களுக்கு இந்தத் தளங்கள் மூன்று ஸ்டாருக்கு மேல் கொடுப்பது அபூர்வம். பலருக்கு ஒன்றுமே போடுவதில்லை. கோல்ஸ், கிறிஸ் செய்லர் மாதிரி கிக்கர்களுக்கென்றே நடக்கும் கேம்ப்கள் தனித் தரவரிசை வைத்திருக்கின்றன. கல்லூரிப் பயிற்சியாளர்கள் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

சரி, எந்த அணி ஆட்களை நன்றாக எடுக்கிறது? ஒஹாயோ ஸ்டேட். இதில் வாதத்துக்கே இடமில்லை. ‘புளூ சிப் ரேஷியோ’ என்று ஓர் அளவுகோல் உண்டு, பட் எலியட் என்ற எழுத்தாளர் கொண்டுவந்தது. கடைசி நான்கு வருடங்களில் பள்ளியிலிருந்து எடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் நான்கு அல்லது ஐந்து ஸ்டார் என்று பார்ப்பது. பாதியைத் தாண்டினால்தான் தேசியப் பட்டம் வெல்ல லாயக்கு என்பது அவர் வாதம். 2023ல் மிச்சிகன் அந்தப் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. ஒஹாயோ ஸ்டேட் எண்பது சதவீதத்துக்கும் மேல். அந்த சீசனில் பட்டம் வென்றது மிச்சிகன். கோவிட் காரணமாக 2020 ஆட்டம் ரத்தாகி, 2021லிருந்து 2024 வரை நேருக்கு நேர் நான்கு வருடமும் மிச்சிகன்தான் ஜெயித்தது.

2024 நவம்பர் 30 ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பையனுக்காக. ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் நடந்தது. ஒஹாயோ ஸ்டேட் அப்போது நாட்டில் இரண்டாம் இடம். அந்த வருட அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆனது என்று அவர்களின் விளையாட்டு இயக்குநரே சொல்லியிருந்தார். மிச்சிகன் தரவரிசையிலேயே இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் 34 யார்டிலும் 38 யார்டிலும் தவறவிட்டார். மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா 54 யார்டில் ஒன்றைப் போட்டார், 45 விநாடி பாக்கி இருக்கும்போது 21 யார்டில் இன்னொன்று. 13க்கு 10, ஆட்டம் முடிந்தது. அதே ஃபீல்டிங்தான் ஏழு வாரம் கழித்து நோட்ர டேமுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், கடைசி அரை நிமிடத்தில் 33 யார்டு கிக் அடித்துப் பட்டத்தை உறுதி செய்தார். 2025ல் ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பருக்கே வந்து 27க்கு 9 என்று ஜெயித்துக் கணக்கைத் தீர்த்தது தனிக் கதை.

ஸ்வாடா எங்கிருந்து வந்தார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பள்ளியிலிருந்து மிச்சிகன் எடுத்த பையன் இல்லை அவர். ஆர்கன்சா ஸ்டேட்டில் ஆடிவிட்டு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வந்தவர். அந்த சீசனில் 22 முயற்சியில் 21 உள்ளே போனது. பெரிய கல்லூரிகள் கிக்கர் விஷயத்தில் இப்போது இப்படித்தான் யோசிக்கின்றன. இன்னொரு கல்லூரியில் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வருடம் உதைத்துக் காட்டிய 21 வயதுக்காரன் கிடைக்கும்போது, 18 வயதுப் பையனை எடுத்து ஏன் பழக்க வேண்டும்?

நீங்கள் கிரிக்கெட் ஆள் என்பதால் ஒரே வரியில்: கிக்கர் என்பவன் விக்கெட் கீப்பர். அணியில் ஓர் இடம்தான். தினேஷ் கார்த்திக் தோனிக்குச் சில மாதம் முன்பே இந்திய அணிக்கு வந்தவர், அப்புறம் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது உங்களுக்கே தெரியும். அணியின் பேட்டிங் வரிசை எவ்வளவு பலம் என்பதா அவருக்குப் பிரச்சினை? ஒரு வருடத்தில் எடுத்தவர்களை மொத்தமாக மதிப்பிடும் ரெக்ரூட்டிங் வகுப்புத் தரவரிசையும் அப்படித்தான். அந்தக் கணக்கில் மேலே இருக்கும் சில பேருக்கே எடை அதிகம், கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். ஒரு கிக்கரைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்த எண் அசையாது.

அதனால் தரவரிசைப் பக்கத்தை மூடிவிட்டு இரண்டு கல்லூரிகளின் ரோஸ்டர் (அணி வீரர் பட்டியல்) பக்கத்தைத் திறங்கள். கிக்கர்கள் யார் யார், எந்த வருடம் படிக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரெட்ஷர்ட் (ஒரு சீசன் ஆடாமல் ஒதுங்கியிருந்தவர்) என்று போட்டிருந்தால் அவர் அந்த வகுப்புக்காரர்களைவிட ஒரு வருடம் கூடுதலாக அங்கே இருப்பார் என்று கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பையன் கல்லூரிக்குப் போகும் ஆகஸ்டில் யார் மிச்சமிருப்பார்கள்? இரண்டாம் வருட கிக்கர் ஒருவர் நன்றாக உதைத்துக்கொண்டிருந்தால் கதவு சாத்தியிருக்கிறது. மூத்தவர் ஒருவர் வெளியே போக, பின்னால் யாரும் இல்லையென்றால் திறந்திருக்கிறது. கடந்த ஐந்தாறு வருடத்தில் அந்தக் கல்லூரி கிக்கர்களைப் பள்ளியிலிருந்து எடுத்ததா, போர்ட்டலிலிருந்தா என்று பழைய ரோஸ்டர்களையும் பாருங்கள். ஒரு மாலை நேர வேலை, காசு கொடுத்து வாங்கும் எந்த ‘ரெக்ரூட்டிங் பேக்கேஜும்’ இவ்வளவு சொல்லாது.

இன்னொரு மாற்றம் 2025 ஜூலையில் வந்தது. வீரர்களுக்குக் காசு தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகள் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் வைக்கக்கூடாது. முன்பு 85 ஸ்காலர்ஷிப்தான் வரம்பு, காசில்லாமல் சேரும் வாக்ஆன்கள் அதற்கு மேல் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். 120, 130 என்று அணிகள் இருந்தன. கிக்கர்கள் பெரும்பாலும் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான், இப்போது அது குறுகிவிட்டது. அதே உடன்பாட்டின்படி கல்லூரிகள் தங்கள் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து நேரடியாகப் பணம் பகிரலாம், 2025-26ல் அதன் வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் கிக்கருக்கு என்ன வரும் என்று கனவு காண வேண்டாம்.

உங்கள் பையனுக்குப் பெரும்பாலும் வரக்கூடியது ‘பிரிஃபர்டு வாக்ஆன்’. அணியில் இடம் தருகிறோம், பீஸ் நீங்கள் கட்டுங்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு பேச்சு வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “ஆகஸ்டில் அந்த 105 பேரில் இவன் இருப்பானா?” நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில். பீஸ் கட்டுவது நீங்கள் என்றால் இரண்டு கல்லூரிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஃபுட்பாலில் இல்லை. ஆன் ஆர்பரில் உங்களுக்கு உள்மாநிலக் கட்டணம். கொலம்பஸில் வெளிமாநிலக் கட்டணம், அங்குள்ளவர்கள் கட்டுவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு டியூஷன்.

வாய்வார்த்தையை நம்புவது பற்றி. என் மூத்த மகன் லாங் ஸ்னாப்பர், அதாவது கிக்கருக்காகப் பந்தைப் பின்னால் வீசுபவன். ஒரு கல்லூரியின் ஸ்பெஷல் டீம்ஸ் (உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) பயிற்சியாளர் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, என் மனைவி செய்த அடையை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இடம் உங்கள் பையனுக்குத்தான்” என்றார். மூன்று வாரத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எங்கள் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அந்தத் தொழிலின் தன்மை அப்படி. மிச்சிகனிலேயே 2025 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார். மாணவர் பக்கமும் அதே கதைதான். உங்கள் ஊருக்குப் பக்கத்து பெல்வில் பையன் பிரைஸ் அண்டர்வுட், 2025 வகுப்பின் முதலிடத்துக்காரர், பத்து மாதம் லூசியானா ஸ்டேட்டுக்கு (எல்.எஸ்.யூ.) வாக்குக் கொடுத்து வைத்திருந்து 2024 நவம்பரில் மிச்சிகன் பக்கம் மாறினார். இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று மாணவன் கையெழுத்திடும் பழைய ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற தாளும் 2024 அக்டோபரோடு போய்விட்டது. இப்போது கையெழுத்தான நிதியுதவி ஒப்பந்தம்தான் தாள். அதுவரை எல்லாம் பேச்சு.

இனி 47 யார்டுக்கு வருவோம். மிச்சிகன் பள்ளி ஆட்டங்களில் ஃபீல்டு கோலுக்கு இரண்டு அங்குல உயர டீ (பந்தை மேலே வைக்கும் சின்னக் கட்டை) வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் புல்தரையிலிருந்தே உதைக்க வேண்டும். டீ இல்லாமல் அவன் 47 போடுகிறானா? இல்லையென்றால் இன்றிலிருந்து அந்த டீயைப் பயிற்சிப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளி ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். கிக்ஆஃபும் அப்படியே: பள்ளியில் 40 யார்டு கோட்டிலிருந்து, கல்லூரியில் 35லிருந்து. ஐந்து யார்டு கூடுதலாகப் போக வேண்டும், அதுவும் உயரத்தோடு. 65 யார்டு தூரமும் காற்றில் நான்கு விநாடியும் என்றால் பயிற்சியாளர் நிமிர்ந்து பார்ப்பார். வீடியோ எடுக்கும்போது பந்து கிளம்பியதிலிருந்து விழும்வரை வெட்டாமல் எடுங்கள், அவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஃபீல்டு கோல் வீடியோவை முடிந்தால் ஸ்னாப்பரும், பந்தைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டரும் வைத்து எடுங்கள். ஸ்னாப்பிலிருந்து கால் படும்வரை 1.3 விநாடிக்குள் முடிய வேண்டும். பந்தை ஸ்டாண்டில் நிறுத்தி நிதானமாக ஓடி வந்து உதைக்கும் வீடியோ அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் சொல்லும்.

இரண்டே கல்லூரியைச் சுற்றி வருவதும் சரியில்லை. பள்ளியில் ஃபுட்பால் ஆடுபவர்கள் நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர். ஏதாவது ஒரு என்.சி.ஏ.ஏ. கல்லூரியில் ஆடப்போவது நூற்றுக்கு ஏழு பேர்தான், மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் மூன்று பேர். உங்கள் வீட்டிலிருந்து சின்ன டிரைவில் இப்சிலான்டியில் ஈஸ்டர்ன் மிச்சிகன் இருக்கிறது, அதுவும் டிவிஷன் ஒன்றுதான். டிவிஷன் இரண்டில் ஃபெரிஸ் ஸ்டேட் 2021, 2022, 2024 என்று தேசியப் பட்டம் வாங்கிய அணி, அதன் பரம வைரி கிராண்ட் வேலி ஸ்டேட்டும் லேசுப்பட்டதில்லை. பகுதி ஸ்காலர்ஷிப் கிடைக்க அங்கே வழியுண்டு. மார்க் நன்றாக இருந்தால் ஐவி லீக் கல்லூரிகளையும், கேஸ் வெஸ்டர்ன், கார்னெகி மெலன் போன்ற டிவிஷன் மூன்று கல்லூரிகளையும் பாருங்கள். இரண்டிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு, பயிற்சியாளரின் ஆதரவு அட்மிஷனுக்குக் கைகொடுக்கும். ஜூன் கேம்ப்பில் இரண்டு பெரிய பெயர் என்றால் இவற்றில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தமிழ்ப் பள்ளி. டிவிஷன் ஒன்றில் ஆட 16 கோர் (அடிப்படை) பாடங்களும் அவற்றில் 2.3 ஜி.பி.ஏ.வும் வேண்டும். 16ல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எஸ்.ஏ.டி. மதிப்பெண் இதற்குத் தேவையில்லை, 2023ல் எடுத்துவிட்டார்கள். அயல்மொழிப் பாடம் கோர் கணக்கில் சேரும், ஆனால் உங்கள் பள்ளிக்கென்று என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பாடப் பட்டியலில் அது இருக்க வேண்டும். தேர்வு மட்டும் எழுதி வாங்கும் கிரெடிட்டை அவர்கள் ஏற்பதில்லை. பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் தமிழ் ஏறியிருந்தாலும் இந்தக் கணக்கில் விழாமல் போகலாம். என்.சி.ஏ.ஏ.வின் எலிஜிபிலிட்டி சென்டர் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் அந்தப் பட்டியல் வரும். அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் கவுன்சிலருடன் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அங்கே தமிழ் இல்லையென்றால் வார நாட்களில் ஸ்பானிஷ், சனிக்கிழமை தமிழ்.